வியூ போட்டா பர்மிஷன் எரர்: ஆரக்கிள், போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் மூணுல எது அதிகமா படுத்துது?

டேட்டாபேஸ்ல செலக்ட் (டேட்டாவைப் படிக்கற கட்டளை) ஓட்டினா டேட்டா அழகா வருது, அதையே ஒரு பேர்ல சேமிச்சு வெக்க கிரியேட் வியூக்குள்ள வெச்சா ஆரக்கிள் "ஓஆர்ஏ-01031, இன்ஸஃபிஷியன்ட் பிரிவிலேஜஸ்"ங்குது. கிரியேட் வியூ பிரிவிலேஜ் (உரிமை) இருக்கானு மொதல்ல பாருங்க, ரிசோர்ஸ் ரோல் (பல உரிமைகளை ஒரே பேர்ல கட்டின மூட்டை) குடுத்தாச்சே அதுலயே வந்துருக்கும்னு விட்ருவாங்க, ஆரக்கிள் 19சி வெர்ஷன்ல டேபிள், சீக்வென்ஸ், புரொசீஜர் எல்லாம் அதுல உண்டு, வியூ கெடையாது. அதுவும் இருந்து எரர் வந்தா ஆள் வேற: ரோல். அடியில இருக்கற டேபிள் மேல செலக்ட் உரிமை வியூ ஓனர் பேருக்கு நேரடியா கிராண்ட் ஆகியிருக்கணும், ரோல் வழியா வந்தது வியூ கட்டும்போது கணக்குலயே வராது. சந்தேகமா இருந்தா செட் ரோல் நன் போட்டுட்டு அதே செலக்ட்டை ஓட்டுங்க, டேபிளே இல்லைனு ஓஆர்ஏ-00942 வந்தா ரோல்தான் காரணம். அவசரத்துல டிபிஏ (அட்மின்) ரோலைத் தூக்கிக் குடுக்காதீங்க, அதுவும் ரோல்தானே, டேபிள் படிக்கற உரிமை அப்பவும் செல்லாது!

போஸ்ட்கிரஸ்ல கிரியேட் வியூனு தனி உரிமையே கெடையாது, ஸ்கீமா (டேபிள், வியூ எல்லாம் வெக்கற பிரிவு) மேல கிரியேட் இருந்தா போதும், ரோல் வழியா வந்த செலக்ட்டும் சாதாரணமா செல்லும். 2022-ல வந்த வெர்ஷன் 15-லேர்ந்து புதுசா உருவாக்கற டேட்டாபேஸ்ல பப்ளிக் ஸ்கீமால எல்லாரும் கிரியேட் பண்ண முடியாது, பழைய ஸ்கிரிப்ட் "பர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்"னு நிக்கறது இதனாலதான். எனக்குப் புடிக்காதது வேற ஒண்ணு. டேபிள் மேல செலக்ட் உரிமை இல்லாமலே வியூ உருவாகிடும், செக் பண்றது வியூவைப் படிக்கும்போதுதான், டெப்ளாய்மென்ட் பச்சையா முடிஞ்சு ரிப்போர்ட் ஓடறப்போ கவுத்துடும். ஆரக்கிள் சிடுமூஞ்சியா இருந்தாலும் வியூ உருவாக்கறப்பவே சொல்லிடுது, இந்த விஷயத்துல அதுதான் மேல்னு என் ஓட்டு.

மைஎஸ்க்யூஎல்தான் மூணுலயும் தலைவலி. 1142 (இந்தக் கட்டளைக்கு உரிமை இல்லைங்கற எரர்) வந்தா சுலபம், கிரியேட் வியூவும் செலக்ட்டும் குடுங்க, கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ போட்டா டிராப்பும் வேணும். ஆனா 1356 இருக்கே, டேபிள் இல்லையா, காலம் (column) இல்லையா, ஃபங்ஷன் இல்லையா, டெஃபைனருக்கு (வியூ யார் பேர்ல இருக்கோ அந்த யூசர்) உரிமை இல்லையானு எல்லாத்தையும் ஒரே வரில கொட்டிட்டு நம்மளயே கண்டுபுடிக்க சொல்லும். டம்ப் (டேட்டாபேஸோட காப்பி) எடுத்து வேற சர்வர்ல ஏத்தினா 1449, அந்த டெஃபைனர் யூசரே அங்க இல்லைனு அர்த்தம், இன்ஃபர்மேஷன் ஸ்கீமால வியூஸ் டேபிள்ல டெஃபைனர்ங்கற காலம்ல (column) இருக்கற பேரைப் பாத்துட்டு அந்த யூசரை உருவாக்குங்க, இல்லாட்டி இருக்கற யூசர் பேர்ல வியூவை மறுபடி போடுங்க.