பத்தடி பைப்பும் ஒரு முழமும்

விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் புது வண்ணாரப்பேட்டைக்கு ஒரே ரயில். 2021-ல் இந்தத் தடம் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, ஊருக்கு வந்து இறங்கியதுமே ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டும் வேலை எனக்கு இல்லை. இந்த முறை மல்லுக்கட்டு வீட்டுக்குள் காத்திருந்தது.

மே மாதம். அம்மா அறையில் ஏசி ஓடுகிறது, குளிர்தான் வரவில்லை. காசிமேட்டுக் கடல் கிட்டத்தில் இருப்பதால் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. எங்கள் தெருவில் மாடிக்கு மாடி அவுட்டோர் யூனிட் துருவேறித்தான் நிற்கும். பக்கத்து வீட்டில் ஒரு நம்பர் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். "கேஸ் ஃபில்லிங், லீக் அடைக்கிறது, எல்லாம் சேர்த்து மூவாயிரத்து இருநூறு சார்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது.

மறுநாள் ஒரு பையன் வந்தான். மொட்டை மாடி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தான். கெட்டிக்காரன்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டீ குடிக்கும்போது "சார் எங்க இருக்கீங்க?" என்று கேட்டான். மெல்போர்ன் என்றேன். அங்கேதான் நான் கோட்டை விட்டேன் என்பது அம்மாவின் கட்சி.

பில் வந்தது: கேஸ் 2,500, வெல்டிங் 1,200, காப்பர் பைப் பத்தடி 2,200, கெமிக்கல் வாஷ் 600. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,170. மொத்தம் 7,670.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு பர்ஸை எடுக்கத்தான் கை போனது. டாலரில் கணக்குப் போட்டுப் பார்க்கிற புத்தி. அம்மாதான் தடுத்தார். "நீ குடுத்துட்டு ஃபிளைட் ஏறிடுவ. அடுத்த வருசம் இதே ரேட்ட என்கிட்ட கேப்பான்."

அப்புறம் அவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. "பத்தடி மாத்துனியே தம்பி, கழட்டுன பழைய பைப் எங்க?"

பையன் பையைத் துழாவி ஒரு துண்டை எடுத்தான். பச்சை பூத்து, ஒரு நுனியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு முழம் இருக்கும். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கறுத்துப்போன பழைய குழாயின் நடுவில் புதுச் செம்பு பளபளவென்று ஒன்றரை அடிதான். கெமிக்கல் வாஷ் என்பது ஃபில்டரைக் குழாயடியில் பிரஷ் போட்டுக் கழுவியது. அதை நானே பார்த்தேன்.

பையனிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பில் போட்டது முதலாளி. போன் போட்டேன். "மெட்டீரியல் எல்லாம் எக்ஸ்ட்ரா சார்" என்றார். அவருடைய வாய்ஸ் மெசேஜையே அவருக்குத் திருப்பி அனுப்பினேன். சரி, ஜிஎஸ்டி வாங்குகிறீர்களே, பில்லில் அந்த 15 இலக்கப் பதிவு நம்பர் எங்கே, தமிழ்நாட்டு நம்பர் என்றால் 33-ல் ஆரம்பிக்குமே என்றேன். "அப்ளை பண்ணிருக்கோம் சார், வந்துடும்." பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது. இது அவருக்கும் தெரியும் போலிருக்கிறது, குரல் இறங்கிவிட்டது.

நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் சொல்லி வைத்தேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டே அம்மாவுக்கு உதவ முடியும். அதுவரை போகவில்லை.

பைப் செலவு பேச்சில் வரவில்லை என்பது நியாயம்தான். அவர் போட்ட அடிக்கு 220 கணக்கிலேயே ஒன்றரை அடிக்கு 330 சேர்த்து 3,530 என்று முடித்தோம். பில்லைத் திருத்தி வாங்கிய பிறகுதான் ஜிபே செய்தேன். பையனுக்குத் தனியாக நூறு ரூபாய். வெயிலில் நின்றது அவன்தானே.

அவன் படியிறங்கும்போது அம்மா மறுபடி கூப்பிட்டார். அந்தப் பழைய செம்புத் துண்டை வாங்கி வைத்துக்கொண்டார். காயலான் கடையில் போடுவாராம்.