மாற்றுவதா, தேர்வு எழுதுவதா? குடியேறிய நாட்டில் ஓட்டுநர் உரிமம்

வேறு நாட்டில் குடியேறுகிறவரிடம் பழைய லைசென்ஸ் இருக்கும், பல ஆண்டு ஓட்டிய அனுபவமும் இருக்கும். இரண்டும் புதிய ஊரில் எத்தனை நாள் செல்லுபடியாகும் என்பதுதான் கேள்வி. அவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வைத்து ஓட்டலாம். பழைய உரிமத்தை உள்ளூர் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் முதலிலிருந்து தேர்வு எழுதலாம். முதல் வழி சுலபம், கடைசி வழி தண்டனை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கு வேறு. கடைசியில் அதிக நஷ்டம் தருவது பெரும்பாலும் அந்தச் சுலபமான முதல் வழிதான்.

பன்னாட்டு அனுமதி என்பது உரிமமே அல்ல. உங்கள் நாட்டு உரிமத்தைப் பல மொழிகளில் பெயர்த்துச் சொல்லும் ஒரு சிறு புத்தகம், அவ்வளவுதான். மூல உரிமம் கூடவே இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி கொடுத்தது 1 ஆண்டுக்குச் செல்லும். 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி கொடுத்தது அதிகபட்சம் 3 ஆண்டு. இந்த 3 ஆண்டு என்ற எண்ணைப் பார்த்துத்தான் நிறையப் பேர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது சுற்றுலா வருகிறவருக்கான கணக்கு. குடியேறியவருக்கு அந்தந்த நாடு தனியாக ஒரு கெடு வைத்திருக்கும், அந்தக் கெடுதான் சட்டம். பிரிட்டனில் 12 மாதம். ஜெர்மனியில் 6 மாதம். கனடாவின் ஒன்ராறியோவில் வெறும் 60 நாள். சீனாவின் பெருநிலப்பரப்பிலோ பன்னாட்டு அனுமதியை ஏற்பதே இல்லை.

ஜப்பானைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 1949 உடன்படிக்கையின்படி கொடுத்த அனுமதி மட்டுமே செல்லும். அதுவும் நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து 1 ஆண்டுக்கு மேல் இல்லை. வெளியே ஒரு நடை போய்வந்து புதிய ஆண்டைத் தொடங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அங்கே குடியிருப்பவர் மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்தால் பழைய கணக்குதான் ஓடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பத்து ஆண்டுக்குச் செல்லும் ‘சர்வதேச லைசென்ஸ்’ என்று பளபளப்பான அட்டை விற்பார்கள். அப்படி ஓர் உரிமம் உலகில் கிடையாது. பன்னாட்டு அனுமதியை உங்கள் உரிமத்தை வழங்கிய நாட்டின் அங்கீகாரம் பெற்ற அமைப்புதான் தர முடியும். அதனால் அதைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

ஆக, முதல் வழி ஒரு பாலம். வீடு பார்க்க, வேலைக்குப் போக, பள்ளிக்கூடம் தேட அந்தச் சில மாதங்களுக்கு அது மிகவும் உதவும். அதன் ஆபத்து என்னவென்றால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரமே தெரியாது. கெடு முடிந்த மறுநாள் நீங்கள் சட்டத்தின் கண்ணில் உரிமம் இல்லாமல் ஓட்டுபவர். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கலாம்.

சரி, மாற்றிக்கொள்வது எப்படி? இங்கேதான் உழைப்பை விட அதிர்ஷ்டம் பெரிது. தேர்வு இல்லாமல் உரிமத்தை மாற்றித் தரும் நாடுகள் என்று குடியேறிய நாடு ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதில் உங்கள் நாடு இருக்கிறதா என்பதுதான் முழு விஷயமும். பிரிட்டனின் பட்டியலில் ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே எல்லாம் உண்டு. இந்தியாவும் இலங்கையும் இல்லை. பட்டியலில் இருந்தால் படிவம், கட்டணம், சில வாரக் காத்திருப்பு, அத்தோடு முடிந்தது. பட்டியலில் உள்ள நாடு ஒன்றில் முதலில் உரிமத்தை மாற்றிக்கொண்டு, அதை வைத்து பிரிட்டனில் மாற்றலாமே என்று தோன்றும். பிரிட்டன் அந்தக் கதவையும் மூடி வைத்திருக்கிறது, அந்தப் பட்டியல் நாட்டிலேயே தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும். ஜப்பான் வேறொரு சான்று கேட்கிறது. உரிமம் வாங்கிய பிறகு அந்த நாட்டில் குறைந்தது 3 மாதம் இருந்ததை நீங்கள் காட்ட வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

முழு மாற்றமும் இல்லாமல் முழுத் தேர்வும் இல்லாமல் நடுவழி வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. சிங்கப்பூரில் அடிப்படை எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 45 சரியாக இருந்தால் வெளிநாட்டுக் கார் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம், சாலைத் தேர்வு இல்லை. சீனாவிலும் காருக்கு எழுத்துத் தேர்வுதான், 100 கேள்வியில் 90 மதிப்பெண் வேண்டும். ஜப்பான் 2025 அக்டோபரில் இந்த வழியை இறுக்கிவிட்டது. அதுவரை 10 கேள்வி கேட்டவர்கள் இப்போது 50 கேட்கிறார்கள், 45 சரியாக வேண்டும்.

மாற்றுவதற்கான கெடுவும் நாட்டுக்கு நாடு வேறுபடும், இதில் ஏமாந்தால் மீள முடியாது. பிரான்சில் குடியேறிய 1 ஆண்டுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் மாற்றும் உரிமையே போய்விடும், அப்புறம் தேர்வுதான். ஜெர்மனியில் 6 மாதம் தாண்டினால் ஓட்டத்தான் கூடாது, மாற்றும் வழி திறந்தே இருக்கும். பிரிட்டனில் ஓட்ட 12 மாதம், மாற்றிக்கொள்ள 5 ஆண்டு.

இதற்கும் ஒரு விலை உண்டு. பல நாடுகள் பழைய உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது ஓட்ட வேண்டியவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது வழி. பட்டியலில் இடமில்லாத நாட்டிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் இதற்குத்தான் வந்து சேர வேண்டும். எழுத்துத் தேர்வு படித்தால் வரும். பிரிட்டனில் 50க்கு 43, அதோடு காணொளியில் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியில் 75க்கு 44. மொழி ஒரு தடையாக இருக்கலாம். கேள்விகளைப் பிறமொழிகளில் வாசித்துக் காட்டும் குரல் வசதியை பிரிட்டன் 2014இல் நிறுத்திவிட்டது. ஜெர்மனியில் ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம், தமிழ் அதில் இல்லை. ஒன்ராறியோவில் தமிழிலேயே எழுதலாம்.

சாலைத் தேர்வுதான் அனுபவசாலிகளைக் கவிழ்க்கிறது. நேற்றுக் கற்றவன் தேறிவிடுவான், பதினைந்து ஆண்டு ஓட்டியவர் தோற்பார். அவருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. தேர்வாளர் பார்ப்பதை அவர் செய்து காட்டுவதில்லை. கண்ணாடியைக் கண்ணோரத்தில் பார்த்திருப்பார், தலை அசையாததால் பார்க்கவில்லை என்று குறிக்கப்படும். தடம் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இருக்காது. நிறுத்தக் குறியில் சக்கரம் முழுமையாக நிற்காமல் உருண்டு போயிருக்கும். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை எப்போதும் கியரில். கிளட்சை மிதித்தபடியே வளைவில் உருட்டுவார். வெறிச்சோடிய சாலையில் பயந்து மெதுவாகப் போவதும் தவறாகவே எண்ணப்படும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். இதைப் படித்திருந்தாலும் கால் தானாக பிரேக்குக்குப் போக நாளாகும்.

அதனால் ‘எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே’ என்று பயிற்சியே எடுக்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள். முழு வகுப்பும் வேண்டாம். உள்ளூர் பயிற்சியாளர் ஒருவரிடம் நாலைந்து மணி நேரம் ஓட்டி, அதில் ஒன்றை அசல் தேர்வு போலவே நடத்தச் சொன்னால் போதும். ஜெர்மனி வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாய வகுப்புகளைத் தள்ளுபடி செய்கிறது, ஆனால் இரண்டு தேர்வும் எழுதியாக வேண்டும். ஒன்ராறியோவில் புதியவர் ஒரு படி உரிமத்திலிருந்து அடுத்த படிக்குப் போகக் காத்திருக்க வேண்டிய காலத்தை, பழைய அனுபவத்துக்கான அத்தாட்சிக் கடிதம் குறைத்துவிடும். அந்தக் கடிதத்தை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு கடல் கடந்து அதைப் பெறுவது பெரும்பாடு.

ஆட்டோமேட்டிக்கா, கியர் வண்டியா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேறினால் அது மட்டும்தான் ஓட்டலாம். ஜெர்மனி 2021இலிருந்து கொஞ்சம் நெகிழ்ந்துவிட்டது. ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதுபவர் கியர் வண்டியில் குறைந்தது 10 வகுப்பு எடுத்து, ஒரு சிறு சோதனை ஓட்டமும் முடித்தால் இரண்டையும் ஓட்டலாம். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஆட்டோமேட்டிக் போதும் என்பேன். வாடகை வண்டியோ நிறுவன வண்டியோ ஓட்ட வேண்டியவர் கியரிலேயே எழுதுவது நல்லது.

தேர்வு எழுதி வாங்குகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எத்தனை அனுபவம் இருந்தாலும் அந்த நாட்டின் கணக்கில் அவர் புதியவர். பிரிட்டனில் முதல் தேர்வில் தேறிய 2 ஆண்டுக்குள் 6 தண்டனைப் புள்ளி சேர்ந்தால் உரிமம் ரத்தாகும், இரண்டு தேர்வையும் மறுபடி எழுத வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் நாடு பட்டியலில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், முதல் மாதமே மாற்றிவிடுங்கள். பட்டியலில் இல்லையென்றால், வீட்டு முகவரி உறுதியானதும் எழுத்துத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். சாலைத் தேர்வுக்கு நாள் கிடைக்கவே பல ஊர்களில் மாதக் கணக்கில் ஆகும், ஒரு முறை தோற்றால் இன்னொரு முறை காத்திருக்க வேண்டும். பழைய உரிமம் செல்லுபடியாகும் காலத்துக்குள் இரண்டு முயற்சிக்காவது இடம் வைத்துத் தொடங்குங்கள்.