ஓடுபவர், நிற்பவர், இறங்குபவர்: யோக்கெரெஸை யாரோடு ஒப்பிடுவது?

ஈரோட்டு மண்டியில் விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் ஒரே குவியலில் ஏலம் போவதில்லை. கால்பந்தில் கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட ஸ்ட்ரைக்கர்களை மட்டும் கோல் கணக்கு என்ற ஒரே தராசில் போட்டு நிறுத்துவிடுகிறோம். ஸ்வீடன்காரரான விக்டர் யோக்கெரெஸ் 2024–25 சீசனில் லிஸ்பன் ஸ்போர்ட்டிங்குக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 54 கோல் அடித்தார், அதில் லீக் கோல் மட்டும் 39. 2025 ஜூலையில் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கு வந்ததும் டீக்கடை வரைக்கும் ஒரே பேச்சு: "இன்னொரு ஹாலண்டுங்க." மான்செஸ்டர் சிட்டியின் நார்வே ஸ்ட்ரைக்கர் எர்லிங் ஹாலண்டைத்தான் சொல்கிறார்கள். உயரம், உடம்பு, வடக்கு ஐரோப்பா. ஒற்றுமை அத்தோடு சரி. பந்து வருவதற்கு மூன்று நொடி முன்னால் ஆள் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள், இரண்டு பேரும் இரண்டு வேறு தொழில் செய்கிறார்கள்.

இருவரும் எதிரெதிரே ஆடிய மேட்ச் ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் 5, சாம்பியன்ஸ் லீக், ஸ்போர்ட்டிங் 4 – மான்செஸ்டர் சிட்டி 1. யோக்கெரெஸ் மூன்று கோல். ஹாலண்ட் அடித்த பெனால்டி கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியது. ஆனால் யோக்கெரெஸின் மூன்றில் இரண்டு பெனால்டி. அவர் யார் என்று காட்டுவது முதல் கோல்தான்: மேலேறி நின்ற சிட்டி டிஃபென்ஸின் முதுகுக்குப் பின்னால் ஓடி, துரத்துகிறவரை உடம்பால் தள்ளி வைத்து, வெளியே வந்த கோல்கீப்பரின் மேலாகப் பந்தைத் தூக்கிவிட்டார். அந்தக் கோலுக்கு முதல் தேவை முன்னால் கிடந்த வெற்றிடம்.

அவருடைய ஓட்டத்தைப் பிரித்துப் பார்க்கலாம். அது நேராகப் போகாது. ஸ்டாப்பருக்கும் (நடு டிஃபென்டர்) ஃபுல்பேக்குக்கும் (ஓர டிஃபென்டர்) நடுவே உள்ள சந்தை நோக்கி, பெரும்பாலும் இடது பக்கமாக, வளைந்து போகும். முதல் நான்கைந்து தப்படி டிஃபென்ஸ் கோட்டுக்கு இணையாக ஓடுகிறார். பாஸ் கொடுப்பவரின் கால் பந்தில் படும் நேரத்தில்தான் முன்பக்கம் திரும்புகிறார். பாஸ் கிளம்பும்போது டிஃபென்ஸ் கோட்டைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு; அதில் சிக்காததற்குக் காரணம் இந்த வளைவு. அடுத்து முதல் டச். பந்தைக் காலடியில் நிறுத்தாமல் இரண்டு மூன்று மீட்டர் முன்னே தள்ளி, துரத்துகிறவரின் ஓட்டப் பாதைக்குக் குறுக்கே தன் உடம்பைப் போட்டுவிடுகிறார். அதன்பின் காலை நீட்டினால் ஃபவுல், நீட்டாவிட்டால் கோல். கடைசியாக உள்ளே வெட்டி வலது காலால் ஓங்கி ஒரு அடி.

குறையும் அங்கேயே இருக்கிறது. எதிரணி பத்துப் பேரையும் பாக்ஸை (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி கட்டம்) சுற்றி இறக்கி நிறுத்தினால் இந்த ஓட்டத்துக்கு இடமே கிடையாது. கோலுக்கு முதுகு காட்டி நின்று வாங்கும் பந்து சில நேரம் அவர் காலில் பட்டு எகிறிவிடுகிறது. சுமார் 1.89 மீட்டர் உயரத்துக்குத் தலையடிக் கோலும் கம்மிதான். ஆர்சனலை எதிர்த்து ஆடுகிற அணிகளில் பாதி பின்னால் இறங்கித்தான் நிற்கும். அந்த மேட்ச்களில் அவர் காணாமல் போனால் அதற்கு ஃபார்ம் இழப்பு என்று பெயர் வைப்பது சரியில்லை. வேலைக்கான நிலமே அங்கு இல்லை.

ஹாலண்ட் நிற்பவர். 2022 ஆகஸ்டில் போர்ன்மவுத்துக்கு எதிராக 74 நிமிடத்தில் எட்டே எட்டு முறைதான் பந்தைத் தொட்டார்; அதில் ஒன்று குண்டோகனின் கோலுக்கான பாஸ். அந்த சீசனில் பிரீமியர் லீக்கில் 36 கோல் அடித்து சாதனை வைத்தார். ஸ்டாப்பரின் தோளுக்குப் பின்னால், பந்தையும் ஹாலண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாத இடத்தில் போய் நின்றுகொள்வார். ஃபார் போஸ்ட் (பந்துக்குத் தூரமான கோல் கம்பம்) பக்கம் இரண்டு தப்படி போவது போல் காட்டி, ஸ்டாப்பர் கூட நகர்ந்ததும் முன்னால் வெட்டி நியர் போஸ்டில் (கிட்டத்துக் கம்பம்) முடிப்பார். கூட்டமான பாக்ஸில் அவருக்கு ஒரு மீட்டர் போதும். யோக்கெரெஸுக்கு முப்பது மீட்டர் வேண்டும்.

இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் கதையே வேறு. அவர் இறங்குபவர். 2020 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனில் அவர் அப்போது ஆடிய டாட்டன்ஹாம் 5–2 என்று ஜெயித்தபோது சன் ஹியூங்-மின் நான்கு கோல் போட்டார். நான்குக்கும் பாஸ் கேன். நடுக்கோடு பக்கமாக இறங்குவார், ஸ்டாப்பர் பின்னாலேயே வந்தால் காலியான இடத்துக்கு விங்கர் (ஓர முன்கள ஆட்டக்காரர்) ஓடுவார், வராவிட்டால் கேன் திரும்பி நின்று நிதானமாகத் தூக்கிப் போடுவார். ஓடுவதற்கு விங்கர் இல்லாத அணியில் இந்த ஆட்டம் செல்லாது. அதைக் கவனிக்காமல் கேனைப் போல இறங்குகிற பையன்களால்தான் பல அணிகளில் பாக்ஸ் காலியாகக் கிடக்கிறது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அளவுகோலாக ஒரு உள்ளூர் உதாரணமும் உண்டு. 2018–19 ஐ-லீக்கை (இந்தியக் கால்பந்து லீக்) கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து சென்னை சிட்டி அணி வென்றது. பெட்ரோ மான்சி 21 கோல். நெஸ்டர் கோர்டில்லோ பின்னால் இருந்து பந்தை வேலைப்பாடாகக் கொடுக்க, பாக்ஸில் முடிக்கிற வேலை மான்சியுடையது. அவரை நினைவிருப்பவர்கள் யோக்கெரெஸ் பக்கம் போக வேண்டாம், ஹாலண்ட் வரிசையில்தான் அவரைச் சேர்க்க வேண்டும்.

சரி, நம் பையன்கள் யாரைப் பார்த்துப் பழகுவது? செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) மட்டும் ஆடுகிறவனுக்கு யோக்கெரெஸ் பயன்பட மாட்டார். மைதானம் சின்னது, பல போட்டிகளில் ஆஃப்சைடும் கிடையாது. வளைந்து ஓடுவதற்கு அங்கே அர்த்தமே இல்லை. ஹாலண்டின் இரட்டை அசைவு அங்கே காசாகும். ஆனால் செவன்ஸில் கோல் கோலாக அடித்தவன் பதினொருவர் ஆட்டத்துக்கு வந்ததும் அரை மணி நேரத்தில் நான்கு முறை ஆஃப்சைடு கொடி தூக்க வைப்பான். அவனுக்குத்தான் யோக்கெரெஸ் பாடம்.

பயிற்சி எளிது. பாக்ஸ் கோட்டிலிருந்து பதினைந்து மீட்டர் வெளியே இரண்டு கோன், இடையே ஐந்து மீட்டர். ஒன்று ஸ்டாப்பர், ஒன்று ஃபுல்பேக். ஸ்டாப்பர் கோனுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, கோட்டுக்கு இணையாக மூன்று தப்படி, பாஸ் கிளம்பியதும் சந்துக்குள் திரும்பு. பந்து தரையோடு வர வேண்டும். முதல் டச் கோலை நோக்கிச் சாய்வாக, இரண்டு மீட்டர். மூன்றாவது டச்சுக்குள் ஷாட். ஒரு பக்கத்துக்கு எட்டு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் நடந்தே திரும்பு. மூச்சிரைக்க ஓடினால் டச் கெடும். வழக்கமாக வரும் தப்பு மூன்று. பாஸைப் பார்க்காமல் கோலைப் பார்த்தபடி ஓடுவது. முதல் டச்சை வெளிப்பக்கமாகத் தள்ளிக் கார்னர் கொடியிடம் போய் நிற்பது. கெட்டிச் செம்மண் தரையில் புல்லுக்கான வேகத்தில் தள்ளுவது; அங்கே பந்து நிற்காது, பாதி வேகம் போதும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்க மைதானங்களில் தூக்கிப் போட்ட எந்தப் பந்தையும் விடாது. கிழக்கே அடிக்கும் பாதியில் அது பந்தைக் கோல்கீப்பர் கைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், அதனால் சந்துப் பாஸ் தரையோடு, வழக்கத்தைவிட மெதுவாகப் போகட்டும். மேற்கே அடிக்கும் பாதியில் பந்து நடுவானத்தில் நின்று ஓடியவன் முதுகுக்குப் பின்னால் விழும். அந்தப் பாதியில் ஸ்ட்ரைக்கரைக் கேன் போல இறங்கிக் காலில் பந்து வாங்கச் சொல்லிவிட்டு, சந்து ஓட்டத்தை விங்கரிடம் கொடுங்கள்.