உப்பு மறந்த முகாம்: எங்கள் ஏரியா சாரணர் குழு பற்றி

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் பையனை எழுப்பி மைதானத்தில் கொண்டுபோய் விட வேண்டுமா என்ற அலுப்போடுதான் சேர்த்தேன். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவன்தான் என்னை எழுப்புகிறான்.

இதற்கு முன் படித்த பள்ளியிலும் அவன் சாரணர்தான். அங்கே லீடர் என்றால் முதல் ரேங்க் பையன். சுதந்திர தினத்தன்று சிறப்பு விருந்தினருக்கு சல்யூட் அடிப்பான், அத்தோடு சரி. இங்கே எட்டு பேர் ஒரு பேட்ரோல், அதாவது சின்னக் குழு. லீடருக்கு 14 வயது. அவனுக்கு அடுத்தவன் செகண்ட். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வேலை. என் பையனுக்கு சாமான் பொறுப்பு. மாதம் ஒருமுறை லீடர்கள் கூடிப் பேசுவார்கள். முகாம் எங்கே, யார் ஒழுங்காக வருவதில்லை, எல்லாம் அங்கேதான் முடிவாகும். சாரணர்களை நடத்தும் சார் ஓரமாக உட்கார்ந்திருப்பார், கேட்டால்தான் வாய் திறப்பார்.

"சின்னப் பசங்ககிட்ட இவ்வளவு விடலாமா சார்?" என்று ஒரு அப்பா கேட்டார். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நாலு பேட்ரோலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனைத்தான் தலைவனாக வைத்தார் என்றார் சார். கேட்டவருக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. எனக்கும் கொஞ்சம் உதறல்தான்.

போன முகாமில் என் பையன் உப்பை மறந்துவிட்டான். அரிசி, பருப்பு, பெருங்காயம் வரை எடுத்து வைத்தவன் உப்பை விட்டுவிட்டான். அடுப்பில் பருப்பு கொதிக்கும்போதுதான் தெரிந்திருக்கிறது. லீடர் திட்டவில்லையாம். "போய் பக்கத்து பேட்ரோல்ல கேளு" என்று மட்டும் சொன்னானாம். அவர்கள் ஒரு கை உப்புக்கு அரைக்கட்டு விறகு கேட்டார்கள். பேரம் பேசி நாலு குச்சியில் முடித்துவிட்டு வந்தான். சார் பையில் உப்புப் பொட்டலம் இருந்தது கடைசி நாள்தான் தெரியவந்தது! மனுஷன் வாயே திறக்கவில்லை. இப்போது எங்கள் பிரிட்ஜ் கதவில் அவன் கையெழுத்தில் ஒரு பட்டியல் தொங்குகிறது. உப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது.

குறையும் உண்டு. மறுநாள் நிகழ்ச்சிக்கு ராத்திரி 10 மணிக்குத்தான் வாட்ஸ்அப் வரும். லீடர் ஆனவன் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடுகிறான், கீழே இருப்பவர்கள் காத்துக்கிடக்க வேண்டியதுதான். வருஷத்துக்கொரு முறை மாற்றலாம். பெண் பிள்ளைகளுக்கு கைடு பிரிவு இன்னும் தொடங்கவில்லை, சின்னவள் தினமும் கேட்கிறாள்.

10 வயது நிறைந்த பையன் இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். ஒன்றே ஒன்று, முகாமுக்கு அனுப்பும்போது பையில் மிக்சர் பாக்கெட்டை ஒளித்து வைக்காதீர்கள். பிரித்தால் எட்டுப் பங்கு போட வேண்டும் என்று லீடர் சட்டம் வைத்திருக்கிறான்.