ஏழு தனி சிபேனல் என்று ₹18,600 வாங்கிக்கொண்டு ஒரே கணக்குக்குள் அடைத்துவிட்டார்கள்: ஹோஸ்டிங் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

முந்தாநாள் காலை ஒன்பது மணிக்கு நம் வாடிக்கையாளர்களின் ஏழு சைட்டும் ஒன்றாக விழுந்தன. எதைத் திறந்தாலும் ஒரே பக்கம்: இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. ஏழும் தனித்தனி சிபேனல் கணக்கு, அதாவது சைட்டையும் மெயிலையும் நிர்வகிக்கும் தனித்தனிப் பேனல், என்று சொல்லித்தான் விற்றார்கள். தனித்தனிக் கணக்கு என்றால் ஏழும் ஒரே நொடியில் எப்படி முடங்கும்? யாரோ ஒருவருடைய ஒற்றை சிபேனல் கணக்குக்குள் ஏழு டொமைனையும் ஆட்-ஆன் டொமைனாக, அதாவது கூடுதல் சைட் முகவரியாக, செருகி வைத்திருக்கிறார்கள். இதற்குத்தான் ஆண்டுக்கு ₹6,200 வீதம் மூன்று ஆண்டுக்கு முன்பணமாக ₹18,600.

புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆள் எந்த வகை என்று சொல்கிறேன், அது போதும். வாட்ஸ்அப்பில் விலை சொல்லி, யுபிஐயில் பணம் வாங்கி, பில் கேட்டால் ஜிஎஸ்டி எண் இல்லாத பிடிஎஃப் அனுப்புகிற ரீசெல்லர். சொந்த சர்வர் கிடையாது. வேறொரு கம்பெனியிடம் இடம் வாங்கிக் கூறுபோட்டு விற்பவர். அப்படி விற்பதில் தப்பே இல்லை, நாட்டில் நிறைய ஹோஸ்டிங் அப்படித்தான் நடக்கிறது. எதை விற்றார் என்பதில்தான் ஏமாற்று.

சிபேனல் சர்வரில் மூன்று அடுக்கு உண்டு. உச்சியில் ரூட், சர்வர் முழுக்க அவர் கையில். அடுத்து ரீசெல்லர். டபிள்யூஎச்எம் என்ற திரைக்குள் நுழைந்து தனக்குக் கீழே கணக்குகளைத் திறக்கலாம், முடக்கலாம். அடியில் சிபேனல் கணக்கு. டபிள்யூஎச்எம் முகவரியின் கடைசியில் போர்ட் என்ற வாசல் எண் 2087 வரும், சிபேனலுக்கு 2083, வெப்மெயிலுக்கு 2096. உள்ளே நுழையும் முகவரியைப் பார்த்தாலே எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

ஒரு சிபேனல் கணக்கு என்றால் சர்வரில் ஒரு லினக்ஸ் யூசர். அவருக்கு ஹோம் என்ற ஃபோல்டருக்குக் கீழ் தன் பெயரில் ஒரு ஃபோல்டர், ஒரு கோட்டா (இட அளவு வரம்பு), ஒரு முதன்மை டொமைன். அதே கணக்கில் ஆட்-ஆனாக இன்னும் பத்து டொமைன் சேர்க்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பத்தும் தனி சைட்டாகவே திறக்கும். சர்வருக்கு மட்டும் பத்தும் ஒரே ஆள். ஃபைல்களின் உரிமையாளர் ஒரே யூசர், சைட்டின் பிஎச்பி நிரல் ஓடுவதும் அதே யூசர் பெயரில். வேறு பேனல்களிலும் அடிப்படை இதுதான். டைரக்ட்அட்மினில் ஒரு யூசருக்குக் கீழ் டொமைன்ஸ் என்ற ஃபோல்டரில் வரிசையாக உட்காரும், ப்ளெஸ்கில் சப்ஸ்கிரிப்ஷன் என்ற பெயரில் வரும்.

பணம் போன இடத்துக்கு வருகிறேன். இருபது நிமிட ஸ்கிரீன் ஷேர். டபிள்யூஎச்எம்மில் கணக்குப் பட்டியலைத் திறந்து காட்டினார். கணக்குக்கு ஒரு வரி: டொமைன், ஐபி, யூசர்நேம், தொடங்கிய தேதி, பிடித்திருக்கும் இடம், ஓனர். நாற்பது வரி இருக்கும். மவுஸை உருட்டிக்கொண்டே, "பாருங்க சார், ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனி லைன். உங்களுக்கும் இதே மாதிரி ஏழு லைன் வரும்" என்றார். அந்த "வரும்" என்ற சொல்லை நம்பித்தான் ₹18,600 அனுப்பினது. பட்டியல் நிஜம்தான், அதில் நம் டொமைன் இல்லை. புதுக் கணக்கு திறக்க டொமைன், யூசர்நேம், பாஸ்வேர்ட், மெயில், பேக்கேஜ் என்று ஐந்து விஷயம் நிரப்பினால் போதும், ஒரு நிமிட வேலை. "இப்பவே என் டொமைனுக்கு ஒண்ணு திறந்து காட்டுங்க" என்று கேட்டிருந்தால் அன்றே வேஷம் கலைந்திருக்கும். கேட்கவில்லை.

பணம் போனதும் கைக்கு வந்தது எஃப்டிபி (ஃபைல் ஏற்றும் வழி) லாகின் ஏழு, வெப்மெயில் லாகின் சில, ஏற்கெனவே உருவாக்கி வைத்த டேட்டாபேஸ் பெயர்கள். சிபேனல் லாகின் எங்கே என்றால், "செக்யூரிட்டிக்காக அதை மூடி வெச்சிருக்கோம் சார், எஃப்டிபி போதும்ல." பணம் கொடுத்து வாங்கிய பேனலைப் பாதுகாப்பு என்று சொல்லி மறைக்கிறார் என்றால், உள்ளே மற்றவர்களின் டொமைன்களும் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம்.

பேனல் கையில் இல்லாமலேயே இதைக் கண்டுபிடிக்க முடியும். மூன்று தடயம் கண்ணெதிரேயே கிடந்தன.

ஒன்று, டேட்டாபேஸ் பெயர். சிபேனலில் டேட்டாபேஸ் உருவாக்கினால் கணக்கின் யூசர்நேமோ அதன் முதல் 8 எழுத்தோ வழக்கமாக முன்னொட்டாக ஒட்டிக்கொள்ளும், பின்னால் ஓர் அடிக்கோடு. வேர்ட்பிரஸ் சைட் என்றால் கான்ஃபிக் ஃபைலைத் திறந்ததும் டேட்டாபேஸ் பெயர் தெரியும். தனிக் கணக்காக இருந்தால் டேட்டாபேஸ் உள்ள ஒவ்வொரு சைட்டுக்கும் வேறு வேறு முன்னொட்டு இருக்க வேண்டும். இங்கே எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இரண்டு, சைட்டின் பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ். ஆட்-ஆன் டொமைன் சேர்க்கும்போது முதன்மை டொமைனுக்குக் கீழே அதே பெயரில் ஒரு சப்டொமைனையும் சிபேனல் சத்தமில்லாமல் உருவாக்கும். ஆட்டோஎஸ்எஸ்எல் என்ற வசதி தானாகச் சான்றிதழ் எடுக்கும்போது அந்தச் சப்டொமைனும் பெரும்பாலும் சேர்ந்துவிடும். பிரவுசரில் சான்றிதழைத் திறந்து மாற்றுப் பெயர்கள் என்ற பகுதியைப் பாருங்கள். உங்கள் டொமைனுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு டொமைன் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் வீட்டுக்காரர், நீங்கள் உள்வாடகை. இந்த ஏழில் ஆறு சான்றிதழில் அது பளிச்சென்று நின்றது.

மூன்று, மெயில் ஹெடர். சைட்டின் தொடர்பு படிவத்திலிருந்து வரும் மெயிலின் முழு ஹெடரை, அதாவது அது வந்த வழிக் குறிப்பை, திறந்தால் ரிட்டர்ன்-பாத் வரியில் யூசர்நேமும் சர்வர் பெயரும் இருக்கும். மெயில் கணக்கு ஒன்றின் வழியாக அனுப்பும் எஸ்எம்டிபி ப்ளகின் போட்டிருந்தால் இது தெரியாது. ஏழு சைட்டிலிருந்தும் ஒரே யூசர்நேம் வந்தால் கணக்கும் ஒன்றே.

இப்படி ஏன் அடைக்கிறார்கள்? காசுதான். 2019 நடுவில் சிபேனல் தன் லைசென்ஸ் விலையைக் கணக்கு எண்ணிக்கைப்படி மாற்றியது. ஒரு கணக்கு, 5 வரை, 30 வரை, 100 வரை என்று படி, அதற்கு மேல் கணக்குக்கு இவ்வளவு. ஆட்-ஆன் டொமைன் அந்த எண்ணிக்கையில் வராது. ஆகவே ஏழு பேரை ஒரு கணக்கில் போட்டால் விற்பவருக்கு ஆறு கணக்கின் செலவு மிச்சம். செலவை மிச்சம் பிடிப்பது அவர் பாடு. ஆனால் ஒரே கணக்கு என்று சொல்லி அந்த விலைக்கு விற்க வேண்டும்.

இதில் நஷ்டம் எப்படி வருகிறது என்றால், கணக்கின் கோட்டா பொது. யாரோ ஒருவரின் சைட்டில் எர்ரர் லாக் ஃபைல் ஜிகாபைட் கணக்கில் வீங்கியதால், நம் வாடிக்கையாளருக்கு வந்த ஆர்டர் மெயில்கள் இடமில்லை என்று திரும்பிப் போயின. போன மாதமே நடந்தது, அப்போதே உறைத்திருக்க வேண்டும். கிளவுட்லினக்ஸ் (பலர் பகிரும் சர்வருக்கான இயங்குதளம்) சர்வரில் சிபியு, நினைவகம், ஒரே நேரத்தில் நுழையும் புராசஸ் எல்லாவற்றுக்கும் கணக்குக்குத்தான் வரம்பு. பக்கத்து சைட்டுக்குக் கூட்டம் வந்தால் உங்கள் சைட்டில் 508 (வரம்பு எட்டிவிட்டது) பிழை வரும். எல்லாவற்றையும்விட மோசம் மால்வேர். ஃபைல் உரிமை ஒரே யூசருக்கு என்பதால், ஒரு டொமைனின் பழைய ப்ளகின் வழியாக நுழைந்தவன் மற்ற எல்லா ஃபோல்டரிலும் எழுதலாம். கேஜ்எஃப்எஸ் போன்ற தடுப்பு யூசருக்கும் யூசருக்கும் நடுவில்தான், ஒரே யூசருக்குள் எந்தச் சுவரும் இல்லை. இந்த முறை நடந்ததும் அதுவே. முன்பின் தெரியாத ஒரு சைட்டிலிருந்து ஸ்பேம் போக, மேலே இருக்கும் கம்பெனி கணக்கையே முடக்கியது. முடக்கினால் சைட்டோடு எஃப்டிபி, மெயில் லாகின் எல்லாம் நிற்கும்.

பிறகு சாக்குகள். முதலில், "டிஎன்எஸ் ப்ராப்பகேஷன் சார், 48 மணி நேரம் ஆகும்." முடக்கப்பட்ட பக்கம் திறக்கிறது என்றாலே, டொமைன் பெயரைச் சர்வர் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சரியாகச் சர்வருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றுதான் அர்த்தம். டிஎன்எஸ்ஸில் யாரும் கை வைக்கவும் இல்லை. அப்படியே மாற்றியிருந்தாலும் சிபேனலின் வழக்கமான டிடிஎல் (பழைய முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைக்கும் நேரம்) 14400 நொடி, நான்கு மணி நேரம். அடுத்து, "உங்க வேர்ட்பிரஸ் ப்ளகின்தான் பிரச்சினை." ஏழில் இரண்டு வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள். அப்புறம், "மேல டிக்கெட் போட்டிருக்கோம்." டிக்கெட் எண் கேட்டால் இல்லை. தனிக் கணக்காகப் பிரித்துக் கொடுங்கள் என்றதற்கு, "டெக்னிக்கலா முடியாது சார்." ஆட்-ஆன் டொமைனைத் தனிக் கணக்காக மாற்றுவதற்கென்றே டபிள்யூஎச்எம்மில் ஒரு வசதி இருக்கிறது. அவருக்கு அந்த அனுமதி இல்லையென்றால் மேலே இருப்பவரிடம் கேட்கலாம். கேட்கவில்லை. ₹18,600ஐத் திருப்பிக் கேட்டதும், "மூணு வருஷ ப்ளானுக்கு ரீஃபண்ட் கிடையாது, டெர்ம்ஸ்ல இருக்கு. வேணும்னா இன்னொரு நாலாயிரம் போட்டு விபிஎஸ் எடுத்துக்கோங்க." விபிஎஸ் என்றால் தனியாக ஒதுக்கிய சர்வர் பங்கு. நேற்று மாலையிலிருந்து போன் எடுப்பதில்லை.

மீட்பதும் லேசில்லை. தனிக் கணக்கு என்றால் ஒரே முழு பேக்கப் ஃபைலை எடுத்துப் புது சர்வரில் ஏற்றிவிடலாம், மெயில், பாஸ்வேர்ட், டிஎன்எஸ் எல்லாம் கூடவே வரும். ஆட்-ஆன் டொமைனுக்கு அப்படித் தனி பேக்கப் கிடையாது. ஃபைலைத் தனியாக, டேட்டாபேஸைத் தனியாக, மெயில் ஃபோல்டரைத் தனியாகப் பொறுக்க வேண்டும். சைட் ஃபைல்கள் லோக்கலில் இருந்ததால் ஐந்து சைட் மேலே வந்துவிட்டன. மெயில்தான் சிக்கல். இங்கே ஒரு பெரிய பள்ளம்: வாடிக்கையாளரின் அவுட்லுக்கில் ஐமேப் (சர்வரோடு ஒத்திசையும் வகை) கணக்காகப் பழைய மெயில்கள் இருந்தால், டிஎன்எஸ்ஸைப் புது சர்வருக்குத் திருப்பும் முன் அதை ஆஃப்லைனில் வைத்து எல்லா ஃபோல்டரையும் பிஎஸ்டி என்ற அவுட்லுக் சேமிப்பு ஃபைலாக எடுத்துவிடுங்கள். காலியான புதுப் பெட்டியோடு அது ஒத்திசைந்தால் கணினியில் மிஞ்சியிருப்பதும் துடைத்துக்கொண்டு போகும்.

விரிவாக ஒரு பட்டியல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாக:

பணம் அனுப்பும் முன் உங்கள் டொமைனுக்குக் கணக்கு திறக்கச் சொல்லி, 2083இல் நீங்களே நுழைந்து, வலப்பக்கத்தில் முதன்மை டொமைன் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள். ரீசெல்லர் பேக்கேஜ் என்றால் 2087 திறக்க வேண்டும்.

மாதக் கணக்கில் கட்டுங்கள். மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் ₹18,600 போன மாதிரி போகும்.

டொமைனை ஹோஸ்டிங் விற்பவர் மெயிலில் பதிவு செய்ய விடாதீர்கள். ஏழில் இரண்டு டாட்காம் அவர் கையில் மாட்டியிருக்கிறது. டொமைன் அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் ஐகேன் விதிப்படி, டொமைனைப் பதிவு செய்து தரும் ரெஜிஸ்ட்ரார், நாம் கேட்டதிலிருந்து 5 நாளுக்குள் டொமைனை வேறு இடத்துக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் கோடு தர வேண்டும், அதனால் நேராக ரெஜிஸ்ட்ராரிடம் போங்கள். அவசரப்பட்டு உரிமையாளர் பெயரை முதலில் மாற்றாதீர்கள், 60 நாள் டிரான்ஸ்ஃபர் பூட்டு விழலாம்.

வாட்ஸ்அப் உரையாடலையும் யுபிஐ ரசீதையும் இன்றே சேமியுங்கள், அவர் டிலீட் செய்ய ஆரம்பித்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915. மீதியை அப்புறம் பார்ப்போம், இரண்டு சைட் இன்னும் கீழேதான் கிடக்கிறது.