ஜெமிங்காவைத் தேட ஈசாஸ்கை

கல்லூரியில் இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். நியூட்ரான் விண்மீனை, அதாவது வெடித்த பெரிய விண்மீனின் இறுகிய மையத்தை, ரேடியோ முதல் காமா கதிர் வரை பார்த்தால்தான் புரியும் என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஒரு கோடு போட்டு அலைநீளங்களைக் குறிப்பதோடு பல வருடம் நிறுத்தியிருக்கிறேன். ஐரோப்பிய விண்வெளி முகமை 2016-இல் வெளியிட்ட, வானத்தைப் பல அலைநீளங்களில் காட்டும் ஈசாஸ்கை தளத்தை இந்தப் பருவத்தில்தான் வகுப்பில் திறந்தேன். இலவசம். கணக்குத் தொடங்க வேண்டாம், உலாவியிலேயே ஓடும்.

தேடல் பெட்டியில் ஜெமிங்கா என்ற நியூட்ரான் விண்மீனின் பெயரைத் தட்டினேன். முதலில் வந்தது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த வான்படம். குறி நிற்கிறது, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. "சார், அங்க ஒண்ணுமே இல்லையே" என்றாள் முன்வரிசை மாணவி. அந்த விண்மீனுக்குப் பெயரே அதுதான்! மிலான் பேச்சுவழக்கில் "அங்கே இல்லை" என்று பொருள்படும்படி இத்தாலிய வானியலாளர் ஜொவான்னி பின்யாமி வைத்தது.

அப்புறம் படப் பட்டியலில் காமா கதிருக்குப் போய் ஃபெர்மி தொலைநோக்கியின் படத்தைச் சேர்த்தேன். கொஞ்சம் விலகிப் பார்த்தால், அதே இடத்தில் கண்ணைப் பறிக்கும் பொட்டு. சுமார் 15 பாகை தள்ளி, வெடித்த விண்மீனின் மிச்சமான நண்டு நெபுலா. வகுப்பு ஒரு நிமிடம் பேசவில்லை.

ஜெமிங்கா 20 கிலோமீட்டர் அகலமே உள்ள பந்து, மேற்பரப்பு பல லட்சம் டிகிரி சூடு. அந்தச் சூடு பெரும்பாலும் எக்ஸ் கதிராக வெளியேறுகிறது. காமா கதிர் வருவது மேற்பரப்பிலிருந்து அல்ல, சுற்றியுள்ள காந்தப்புலத்தில் முடுக்கப்படும் துகள்களிலிருந்து. கண்ணுறு ஒளிக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். 1970-களின் தொடக்கத்தில் காமா கதிரில் கண்டுபிடித்தும், இது என்னவென்று 20 வருடம் குழம்பினார்கள். 1992-இல் ரோசாட் செயற்கைக்கோள் எக்ஸ் கதிரில் 237 மில்லி விநாடிக்கு ஒருமுறை வரும் துடிப்பைப் பிடித்த பிறகுதான், இது சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று முடிச்சு அவிழ்ந்தது. இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டியபோதுதான் ஏன் 20 வருடம் ஆனது என்று பிள்ளைகளுக்கு உறைத்தது.

பயன்படுத்துகிறவர்கள் இரண்டு விஷயம் மனதில் வைக்க வேண்டும். காமா படத்தில் பொட்டு பெரிதாகத் தெரிவது தொலைநோக்கியின் மங்கலால். விண்மீன் அவ்வளவு பெரிதல்ல. நிறங்களும் நாம் பூசியவை. இன்னொன்று, இவை நீண்ட நேரம் சேர்த்த ஒளியின் படங்கள். விநாடிக்கு நான்கு முறைக்கு மேல் துடிப்பது இதில் தெரியாது. துடிப்பு வேண்டுமென்றால் மூலத் தரவுகளை இறக்கி, வேறு மென்பொருளில் நேரவாரியாகப் பிரிக்க வேண்டும். முதுகலை மாணவர்கள் அதையும் செய்து பார்க்கலாம்.

கைப்பேசியிலும் திறக்கிறது. படங்களை அடுக்கிப் பார்க்கப் பெரிய திரைதான் வசதி.