ரிங் நேரம்: பிபிஎக்ஸில் வைப்பதா, மேசை போனிலேயே வைப்பதா?

எடுக்காத அழைப்பை எத்தனை வினாடியில் அடுத்த எண்ணுக்குத் திருப்புவது? ஆஸ்டெரிஸ்க் போன்ற பிபிஎக்ஸிலும் (அலுவலக அழைப்புகளை அந்தந்த மேசைக்குப் பிரித்து அனுப்பும் அமைப்பு) வைக்கலாம், ஐபி போனின் (இணையவழி மேசை போன்) மெனுவிலும் வைக்கலாம். மலேசிய ரிங் ஓசை சுற்றுக்கு 3 வினாடி. 20 வினாடி என்றால் ஆறேழு முறை மணி அடிக்கும்.

செலவு: இரண்டுக்கும் தனியாக ஒன்றுமில்லை.

அமைப்பது
பிபிஎக்ஸ்: டயல் கட்டளையில் எண்ணுக்குப் பின் காற்புள்ளி, 20. விட்டுவிட்டால் அழைத்தவர் வைக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும்.
போன்: ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக. ரீசெட் செய்தால் போச்சு.

கரண்ட் போனால்
பிபிஎக்ஸ்: போன் அதனிடம் பதிவாகி இல்லையென்றால் காத்திராமல் அடுத்த கட்டளைக்குப் போகும்.
போன்: அதுவே அணைந்து கிடக்கிறது, யார் திருப்புவது?

இரண்டிலும் வைத்தால் குறைந்த நேரமே முந்தும். பிபிஎக்ஸில் 20, போனில் 30 என்றால் போனில் வைத்தது வீண்.

பெரிய தலைவலி கைப்பேசிக்குத் திருப்பும்போதுதான். வாய்ஸ்மெயில் முந்திக்கொண்டு எடுத்தால், ஆள் எடுத்ததாகவே பிபிஎக்ஸ் கணக்குப் போடும். அதன்பின் நீங்கள் வைத்த ரிங் நேரம் செல்லாது. ரிங் நேரத்தை வாய்ஸ்மெயில் எடுக்கும் நேரத்துக்குக் கீழே வையுங்கள், அல்லது '1 அழுத்தினால் மட்டும் இணை' என்று போடுங்கள். பின்னது பிபிஎக்ஸ் வேலை.

பிரிக்பீல்ட்ஸில் நாலைந்து மேசையுள்ள கிளினிக்குக்கு பிபிஎக்ஸ், 20 வினாடி. பினாங்கு லெபோ பசாரில் ஒரே போன் வைத்திருக்கும் துணிக்கடைக்கு போன் அமைப்பே போதும். ஆனால் 'வேறு எண்ணுக்குத் திருப்பு' என்று போன் அனுப்பும் 302 பதிலைச் சில தொலைபேசிச் சேவைகள் ஏற்காது, அழைப்பு அறுந்துவிடும். வெளியிலிருந்து ஒருமுறை அடித்துப் பாருங்கள்.